பாஸ்தா வேகும் தண்ணீர்

பாஸ்தா செய்வதைப் போல எளிய வேலை உலகத்தில் கிடையாது: தண்ணீர் கொதிக்க வேண்டும், உப்பு போட வேண்டும், பாஸ்தாவைப் போட்டு வேகவைத்து வடிக்க வேண்டும், அவ்வளவுதான். இதை நாலு பேருக்குச் சொல்லிக்கொடுப்பதைப் போலப் பாடாவதி வேலையும் கிடையாது.

நான் சரக்குக் கப்பலில் இருபத்திரண்டு வருஷம் சமையல்காரன். முழங்கால் இரண்டும் 'இனிமேல் ஏணி ஏற மாட்டோம்' என்று சொல்லிவிட்டதால் கரையேறினேன். இப்போது மாப்பிள்ளையூரணியில் எங்கள் வீட்டு அடுப்படியில் சனிக்கிழமை தோறும் காலையில் பாஸ்தா வகுப்பு நடத்துகிறேன். ஊரில் எனக்குப் பெயர் கப்பல் அண்ணாச்சி. மனைவியின் அடுப்படியில் ஒரு மூலை கேட்டு நின்றவர்கள், 'நல்லா இருக்கு' என்று சொல்லிக்கொண்டே தட்டைத் தள்ளி வைப்பவர்களுக்குச் சமைத்துப் போட்டவர்கள், நீங்களெல்லாம் என் கட்சி. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்லி அழ?

நல்லா இருக்கு

என் மனைவி செல்வக்கனி. நான் கடலில் கிடந்த காலமெல்லாம் இந்த வீட்டையும், வீட்டில் இருந்த மகளையும், மகளுடைய பள்ளிக்கூடத்தையும் கல்யாணத்தையும் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டவள். லீவில் வருவேன், விருந்தாளி மாதிரி உட்கார்ந்து சாப்பிடுவேன், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன். அதனால் அடுப்படிக்குள் நான் நிரந்தரமாகக் கால் வைத்தபோது அவள் துறைமுக அதிகாரியைப் போல நடந்துகொண்டாள். எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும். மீன் சட்டியைத் தொடக்கூடாது. பின்வாசலில் மூடி போட்டிருக்கும் நீல டிரம் பக்கம் போகவே கூடாது. சரி சரி என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. இதை நினைவில் வையுங்கள்.

முதல் நாள் அவளுக்காகவே பூண்டும் எண்ணெயும் வற்றல் மிளகாயும் மட்டும் போட்டு ஸ்பகெட்டி செய்தேன். கப்பலில் இத்தாலிக்காரரான சீஃப் இன்ஜினியர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பண்டம் அது. அவரே இரண்டு தட்டு சாப்பிடுவார். செல்வக்கனி கையால் இரண்டு வாய் எடுத்தாள். மூன்றாவது வாய்க்கு யோசித்தாள். பிறகு தட்டை என் பக்கம் நகர்த்தினாள். எத்தனையோ தேசத்துக்காரன் என் கையால் சாப்பிட்டுத் தட்டை வழித்திருக்கிறான். நான் தாலி கட்டியவள் ஒரு தட்டு முழுதாகச் சாப்பிட்டுப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று அன்றைக்கு உண்மையிலேயே மனசு வலித்தது. ஒரு தட்டு, ஒரே ஒரு தட்டு அவளைச் சாப்பிட வைப்பது என்று அப்போதே முடிவு கட்டினேன். அவள் எழுந்து கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "நல்லாத்தான் இருக்கு. எனக்கு ரசமும் சோறும் போதும், நீங்க சாப்பிடுங்க."

றாலுக்குச் சீஸ் ஆகாது

வகுப்பின் முதல் மாணவி ரெஜினா. கீழவைப்பாரில் பிறந்து இங்கே வாக்கப்பட்டவள், செல்வக்கனியோடு தையல் படித்த சிநேகிதி. அவள் வந்த அன்றைக்கு இறால் பாஸ்தா. பாஸ்தாவுக்குச் சீஸ் துருவிப் போடுவார்கள் என்று ரெஜினா எங்கேயோ பார்த்து வைத்திருந்தாள். நான் சீஃப் இன்ஜினியரை நெஞ்சில் நிறுத்திக்கொண்டு, "கடல்ல பிடிச்சது எது மேலயும் சீஸ் போடக்கூடாது, இத்தாலியில அது பெரிய குத்தம்" என்றேன். அவர் ஒருமுறை மீன் பாஸ்தா மேல் சீஸ் தூவிய மாலுமியோடு மூன்று நாள் பேசாமல் இருந்தார்.

ரெஜினா கைப்பையைத் திறந்து, மரக்கட்டை போலக் காய்ந்த மாசித் துண்டு ஒன்றை எடுத்தாள். சூரை மீனை அவித்து, புகைபோட்டு, காயவைத்தது. என் சீஸ் துருவியைக் கேட்காமலே எடுத்து, கரகரவென்று தட்டின்மேல் துருவினாள். எனக்கு வந்த கோபத்தை மாசியின் வாசம் பாதியிலேயே இறக்கிவிட்டது. சாப்பிட்டுப் பார்த்தேன். சீஃப் இன்ஜினியர் இருந்திருந்தால் மாசித் துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போயிருப்பார்.

ஆனால் ரெஜினா நாலு வாய்க்குமேல் ஓட்டவில்லை. செல்வக்கனியைப் பார்த்துத் தயிர் கேட்டாள். அவளும் தயாராக வைத்திருந்தவளைப் போல உடனே ஒரு கிண்ணம் கொண்டுவந்தாள். இறால் பாஸ்தாவில் கெட்டித் தயிரை ஊற்றிப் பிசைந்ததைக் கண்ணால் பார்க்க முடியாமல் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இப்படிச் சாப்பிடலாமா என்று கேட்டதற்கு ரெஜினா நிதானமாகச் சொன்னாள்: "அண்ணாச்சி, சீஸுதான் குத்தம்னு சொன்னிய. தயிரைப் பத்தி இத்தாலிக்காரன் ஒண்ணும் சொல்லலையே."

சேமியாவுக்கு வந்த வாழ்வு

ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். ஸ்பகெட்டியைச் சேமியா மாதிரி ஒடித்துப் போடாதவர் இந்த ஜில்லாவில் இல்லை. "ஒடிக்காதீங்க, தண்ணிக்குள்ள நிக்கவிட்டா அதுவே வளைஞ்சு உள்ள போயிரும்" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் படக் என்று சத்தம் கேட்கும். நீளமாக இருந்தால்தான் முள்கரண்டியில் சுற்றிச் சாப்பிட வரும் என்று சுற்றிக்காட்டினேன். செல்வக்கனி கதவோரம் நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள்: "கையிருக்கும்போது நூல் கண்டு சுத்துத மாதிரி எதுக்குச் சுத்தணும்?"

பழைய பாஸ்தா

பெருமாள் பிள்ளை ஸ்ரீவைகுண்டம் பக்கத்து ஆள். ஆற்றுப் பாசனத்தில் நெல் போட்ட குடும்பம். இங்கே மகன் வீட்டோடு இருக்கிறார். சோற்றுப் பதம் தெரிந்த கை என்பதால் அவருக்குப் பாஸ்தா சுலபமாக வரும் என்று நினைத்தேன். அதுதான் தப்பாகப் போயிற்று. நடுவில் ஊசிமுனை அளவுக்கு வேகாமல் இருக்கும்போதே இறக்கிவிட வேண்டும், பல்லுக்கு லேசாகத் தட்டுப்பட வேண்டும் என்று நான் சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது. ஒரு துண்டை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நசுக்கினார். "விதை இருக்கே" என்றார். இருக்கத்தான் வேண்டும் என்றேன். விருந்தாளிக்கு அரைவேக்காடு போட்டு அனுப்புவது எந்த ஊர் மரியாதை என்று கேட்டார். அவர் பங்கை இன்னும் பத்து நிமிஷம் கொதிக்கவிட்டு, குழைத்து, கஞ்சி வடிப்பதுபோல் தட்டால் மூடிச் சாய்த்து வடித்து, டிபன் டப்பாவில் எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த சனிக்கிழமை சிரித்த முகமாக வந்தார். அந்தப் பாஸ்தாவை என்ன செய்தார் என்று அவரே சொன்னார். கேட்டதும் எனக்குக் கண்ணைக் கட்டியது. நம்மைப் போன்ற ஆட்களுக்கு இதைவிட அவமானம் உண்டா, நீங்களே சொல்லுங்கள். ஆனால் அவர் முகத்தில் கேலி இல்லை, நிஜமான சந்தோஷம் இருந்தது: "வீட்டுல ஒருத்தரும் தொடல. ராத்திரி பூராவும் தண்ணி ஊத்தி ஊறவச்சேன். காலம்பற அந்தத் தண்ணிய இறுத்துட்டு, மோர் ஊத்தி, சின்ன உள்ளியக் கடிச்சிக்கிட்டுச் சாப்பிட்டேன். அப்பந்தான் அண்ணாச்சி அது வாய்க்கு விளங்குச்சு."

சோடா வியாபாரம்

தெருமுனை மளிகைக்கடைக்காரர் என்னை ஒருநாள் வலியக் கூப்பிட்டு உட்காரவைத்தார். என்னால் அவருக்கு வியாபாரம் கூடியிருக்கிறதாம். பாஸ்தா பாக்கெட்டைத்தான் சொல்கிறார் என்று நெஞ்சை நிமிர்த்தினேன். எங்கள் ஊருக்கு இத்தாலியைக் கொண்டுவந்த பெருமை கொஞ்சம் இருக்கத்தானே செய்யும். அவர் ஐஸ்பெட்டியைக் காட்டிச் சொன்னார்: "பாஸ்தா அப்படியே கெடக்கு. உங்க வகுப்பு முடிஞ்சு வாரவுக எல்லாரும் நேரே இங்கன வந்து சோடா கேக்காவ. சிலரு ரெண்டு குடிக்காவ."

நான் அதையும் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். உழைத்துக் களைத்தவர்களுக்குத் தாகம் எடுக்காதா?

எந்தக் கடல்?

சுடலைமணி உப்பளத்தில் மேற்பார்வை பார்ப்பவர். பொண்டாட்டி ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாறி மாறி வரும் ஷிப்டில் யார் முதலில் வீட்டுக்கு வருகிறார்களோ அவர்கள் சமைப்பது என்று ஏற்பாடு. சோற்றுக்கு ஒரு மாற்று கற்றுக்கொள்ளலாம் என்று வந்திருந்தார். மற்றவர்களோடு அவரும் வரிசையாக நின்றார். நான் அடுப்பில் பெரிய பாத்திரத்தை ஏற்றி, குழாயைத் திறந்து தண்ணீரைப் பிடித்து, சீஃப் இன்ஜினியர் எனக்குச் சொன்ன வேதவாக்கை எடுத்துவிட்டேன்: பாஸ்தாத் தண்ணீர் கடல் மாதிரி உப்பாக இருக்க வேண்டும். சொல்லிவிட்டு மூன்று கை உப்பை அள்ளிப் போட்டேன். கப்பலிலும் மூன்று கைதான்.

சுடலைமணி பள்ளிக்கூடத்தில் போல விரலைத் தூக்கினார். எந்தக் கடல் என்று கேட்டார். எந்தக் கடலாக இருந்தால் என்ன என்றேன். அப்படிச் சொல்லக்கூடாது என்றார். உப்புக் கணக்கில் கடல் மூன்று டிகிரி, அதைப் பாத்தியில் விட்டு வெயிலில் வற்றவைத்தால் பத்து, பதினைந்து என்று ஏறும், இருபத்தைந்தில்தான் உப்பு விளையும், எத்தனை டிகிரி என்று சொல்லாமல் 'கடல் மாதிரி' என்றால் உப்பளத்தில் வேலை நடக்காது என்று விளக்கினார். நான் கொஞ்சம் கடுப்பாகி, அளந்துதான் பாருங்களேன் என்றேன். அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக்கூடாது.

அடுத்த வாரம் மஞ்சள் துணியில் சுற்றி ஒரு கண்ணாடிக் குழலைக் கொண்டுவந்தார். அடியில் குண்டு, மேலே கழுத்தில் கோடுகள். உப்புத் தண்ணீரில் மிதக்கவிட்டால் எத்தனை டிகிரி என்று அது காட்டும். பாஸ்தாத் தண்ணீரை ஒரு உயரமான செம்பில் மொண்டார். சூட்டில் பார்த்தால் பொய் சொல்லும் என்று ஆறும்வரை காத்திருந்தார். ரெஜினாவும் பெருமாள் பிள்ளையும் கோயில் கும்பிடப் போனவர்கள் மாதிரி சுற்றி நின்றார்கள். குழல் இரண்டு டிகிரிக்கு மேலே நின்றது. வேகிற தண்ணீர் ஒரு டிகிரி இருந்தால் வாய்க்குப் போதும் என்றார் அவர். பிறகு என்ன தோன்றியதோ, குழாயைத் திறந்து வெறும் தண்ணீரைப் பிடித்து அதிலும் மிதக்கவிட்டார். பூஜ்யத்தில் நிற்க வேண்டிய குழல் அங்கே நிற்கவில்லை. உப்பு போடாத தண்ணீரே அரை டிகிரியைக் காட்டியது. இது போர்த் தண்ணீர் என்றார்.

எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. தயிர், மோர், சோடா. கப்பலில் கடல் தண்ணீரைக் காய்ச்சி வடித்த தண்ணீர்தான் குழாயில் வரும், அதில் உப்பின் சாயலே இருக்காது. போதாததற்கு இன்ஜின் ரூம் ஆட்கள் வேர்த்துக் கொட்டுகிறவர்கள், உப்பைத் தூக்கலாகத்தான் கேட்பார்கள். என் நாக்கும் அவர்களோடு சேர்ந்து கெட்டுப்போயிருந்தது. இங்கேயோ உப்புத் தண்ணீரில் உப்பைப் போட்டு, கொதித்து வற்ற வற்ற அதே குழாயைத் திறந்து ஊற்றி, அதிலிருந்து இரண்டு கரண்டியைக் குழம்பிலும் விட்டுச் சுண்ட வைத்திருக்கிறேன். இத்தாலிச் சாப்பாடு இப்படித்தான் இருக்கும்போல என்று ஊரே மரியாதைக்கு வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறது. சுடலைமணி குழலைத் துடைத்து, மஞ்சள் துணியில் பழையபடி சுற்றிக்கொண்டே சொன்னார்: "அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடாதீங்க. நீங்க பாஸ்தா கிண்டல, அடுப்புல பாத்தி கட்டியிருக்கீங்க."

நீல டிரம்

எல்லாரும் போன பிறகு அடுப்படியில் நானும் செல்வக்கனியும் மட்டும் இருந்தோம். அவள் பாத்திரத்தை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். இத்தனை நாளும் சொல்லாமல் இருந்துவிட்டாயே என்று கேட்டேன்.  அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"கப்பல்ல பெரிய குக்கு. இத்தாலிக்காரனே ரெண்டு தட்டு சாப்பிட்டான்னு சொன்னீங்க. நான் என்னத்தச் சொல்ல?" என்றாள்.

"உப்பா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"லீவுல வாரப்ப எல்லாம் இன்னைக்கு மீனு நல்லா இல்ல, காப்பி நல்லா இல்லன்னு நீங்க சொன்னா, எனக்கு மனசு கஷ்டமா இருக்கும், ஆனா சொல்லாம மாத்தி வச்சிருவேன். நீங்களும் கப்பல்ல இருந்து வந்த புதுசுல மனசு ஒடிஞ்சி கெடந்தீங்க. அந்தச் சமயத்துல குறை சொல்ல மனசு வரல. அப்புறம் வகுப்பு ஆரம்பிச்சிட்டீங்க." கரண்டியைக் கழுவி அதன் ஆணியில் மாட்டினாள். "எல்லாம் சரி. நீங்க வீட்டோட வந்து ஒம்பது மாசம் ஆச்சு. இந்த வீட்டுல எந்தக் குழாயில எந்தத் தண்ணி வரும்னு ஒருநாளாவது கேட்டீங்களா?"

கேட்கவில்லை. கப்பலில் குழாய் என்றால் ஒரே குழாய்தான், அதில் வருவது ஒரே தண்ணீர்தான். இங்கே கேன் தண்ணீர் குடிக்க, போர்த் தண்ணீர் கழுவ, முறை வைத்து வரும் ஆற்றுத் தண்ணீர் சமைக்க. அந்த ஆற்றுத் தண்ணீர்தான் நீல டிரம்மில் இருக்கிறது. விடியுமுன் எழுந்து, வரிசையாகக் குடம் வைத்துப் பிடித்து, சுமந்துகொண்டுவந்து அதை நிரப்புகிறவள் அவள். நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்த நேரத்தில் இதெல்லாம் நடந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. 

"அந்த டிரம்முல இருந்து கொஞ்சம் எடுத்துக்கிடட்டுமா?" என்று கேட்டேன். மகள் பிறந்தபோது என் மாமனாரிடம் குழந்தையைக் கையில் வாங்கலாமா என்று கேட்டது மாதிரி கேட்டேன். அவள் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். பிறகு அவளே போய் மூடியைத் திறந்து, ஒரு குடம் மொண்டு வந்து பாத்திரத்தில் ஊற்றினாள். உப்பை நான் தொடவில்லை. அவள் கையாலேயே போடச் சொன்னேன். அவள் ஒரு கையை நிறைத்து, தயங்கி, பாதியைத் திரும்ப ஜாடியில் விட்டுவிட்டு மீதியைப் போட்டாள். ஸ்பகெட்டியை ஒடிக்கப் போனாள், என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒடிக்காமலே உள்ளே நிறுத்தினாள். பூண்டு, எண்ணெய், வற்றல் மிளகாய். ரெஜினா விட்டுப்போன மாசியைக் கொஞ்சம் துருவினேன். சீஃப் இன்ஜினியர் மன்னிக்கட்டும்.

இரண்டு பேரும் அடுப்படித் தரையிலேயே தட்டோடு உட்கார்ந்தோம். நான் சாப்பிடவில்லை, அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வாய், மூன்று வாய், நாலு வாய். முள்கரண்டியை ஒதுக்கிவைத்துவிட்டுக் கையாலேயே சாப்பிட்டாள். ஓரத்தில் ஒட்டியிருந்த பூண்டையும் விடாமல் வழித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, வற்றல் மிளகாய் என்று சொல்லிச் சமாளித்தேன். அவள் வெறும் தட்டை என் பக்கம் நீட்டினாள். முதல் நாள் நகர்த்திய அதே தட்டு. "இன்னும் கொஞ்சம் போடுங்க" என்றாள். போட்டேன். ஒரு வாய் எடுத்து, மென்று, யோசித்துவிட்டுச் சொன்னாள்: "எல்லாம் சரியா வந்திருக்கு. உப்புதான் ஒரு சிட்டிகை காணாது."

இருபத்திரண்டு வருஷம் உப்புத் தண்ணீர்மேல் மிதந்து பிழைத்தவனுக்குத் தன் வீட்டுக் குழாயில் வருவதும் உப்புத் தண்ணீர்தான் என்று தெரிய ஒன்பது மாதமும் ஒரு கண்ணாடிக் குழலும் தேவைப்பட்டன என்பதைத் தவிர, இந்தத் தொழிலில் சொல்லிக்கொள்ளும்படியான குறை எனக்கு ஒன்றும் இல்லை.